பதினாறு மில்லிசெகண்டில் ஓர் இட்லி

வெண்பா என்ற கேமில் ஆடுபவர் முதலில் செய்யவேண்டிய பண்டம் இட்லி. கதைநாயகிக்கு அவள் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. பல வரிகளைக் காணோம். எதற்குப் பிறகு எது, தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நாமே யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1988-இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன வெண்பா, அவள் கணவர் பாவலன், அங்கே வளரும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை இது. எடுத்தவர்கள் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற மிகச் சிறிய ஸ்டூடியோ. 2023 ஜூலை 31 அன்று கணினிக்கும், நின்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகிய கன்சோல்களுக்கும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த அறிமுக கேமுக்கான விருதை வெண்பாவுக்குக் கொடுத்தது.

ஆடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். துப்பாக்கி இல்லை, வெடிப்பு இல்லை, கையால் வரைந்த படங்கள்தான். இவ்வளவு எளிமையான ஒன்றைக் கன்சோலில் ஏற்றுவதில் என்ன சிரமம், கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டால் ஆயிற்று என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது ஏன் அப்படி முடிவதில்லை என்பதுதான் இந்த அத்தியாயம். எந்தத் தனி ஸ்டூடியோவும் தன் உள்வேலைகளை முழுக்கச் சொல்லிவிடாது. கன்சோல் நிறுவனங்களோடு போடும் ரகசிய ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்காது. ஆனால் கருவிகளின் எண்கள் பொதுவில் இருக்கின்றன. அவற்றை வைத்து நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

திரையில் அசைவு என்று நாம் பார்ப்பது வரிசையாக மாறும் நிலைப்படங்கள். நொடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்கு, அதாவது ஒரு ஃபிரேமுக்கு, 16.67 மில்லிசெகண்டு கிடைக்கும். அதற்குள் ஆடுபவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று பார்த்து, கதை எங்கே நிற்கிறது என்று முடிவெடுத்து, இசையை நகர்த்தி, படத்தை முழுக்க வரைந்து திரைக்கு அனுப்பியாக வேண்டும். 17-ஆவது மில்லிசெகண்டில் முடிந்தால் அந்தப் படம் அடுத்த முறைக்குத் தள்ளப்படும். கண்ணுக்கு அது ஒரு சிறு தடங்கலாகத் தெரியும். நொடிக்கு 30 போதும் என்று ஸ்டூடியோ முடிவெடுத்தால் 33.3 மில்லிசெகண்டு கிடைக்கும். நிதானமான கேம்களுக்கு அது மோசமில்லை. எது ஆனாலும், சராசரி வேகம் இங்கே உதவாது. ஆயிரம் ஃபிரேம் சரியாக வந்து ஒன்று மட்டும் 80 மில்லிசெகண்டு எடுத்தால், ஆடுபவருக்கு நினைவிருப்பது அந்த ஒன்றுதான்.

கணினியில் ஆடுபவர் வேகம் போதவில்லை என்றால் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றிக்கொள்வார். கன்சோலில் அந்தப் பேச்சே இல்லை. 2017 மார்ச் 3-ஆம் தேதி வெளிவந்த முதல் சுவிட்ச்சை எடுத்துக்கொள்வோம். 15 கோடிக்கும் மேல் விற்ற கருவி இது. உள்ளே இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சில்லு: சுமார் 1 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் நான்கு கணிப்பு மையங்கள், படம் வரைய 256 சிறு மையங்கள், மொத்தம் 4 ஜிபி நினைவகம். இயங்குதளம் தன் பங்கை எடுத்த பிறகு மிச்சம்தான் கேமுக்கு. அந்த நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவு போய்வரலாம். பிளேஸ்டேஷன் 5-இல் இதே எண் 448. நினைவக அளவில் இரண்டுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம்தான், 4-க்கு 16; ஆனால் போக்குவரத்தில் 17 மடங்கு. சிறிய ஸ்டூடியோக்கள் முதலில் இடறுவது இந்த இரண்டாவது எண்ணில்தான்.

ஏன் என்று ஒரு சமையலறைக் காட்சியை வரைந்து பார்ப்போம். பின்சுவர் ஒரு படம். அதன்மேல் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பெய்யும் பனி, அலமாரி, அடுப்பு, இட்லிப் பானை, பானையிலிருந்து எழும் ஆவி, எல்லாவற்றுக்கும் மேலே வசனப் பெட்டி. ஓவியர் இவற்றைத் தனித்தனி அடுக்குகளாகத்தான் வரைவார். அப்போதுதான் ஆவி மட்டும் அசையும், பனி மட்டும் விழும். இதில் ஒளி ஊடுருவும் ஓர் அடுக்கை வரைய வேண்டுமென்றால், சில்லு முதலில் அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் நிறத்தை நினைவகத்திலிருந்து படிக்க வேண்டும், புது நிறத்தோடு கலக்க வேண்டும், மறுபடி எழுத வேண்டும். ஒரு பிக்சலுக்குப் படிக்க 4 பைட், எழுத 4 பைட். 1920-க்கு 1080 திரையில் 20,73,600 பிக்சல்கள். நொடிக்கு 60 முறை என்றால் 12.44 கோடி. எட்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட 1 ஜிபி.

ஆக, திரை முழுக்கப் பரவும் ஒவ்வோர் அடுக்கும் நொடிக்கு 1 ஜிபி போக்குவரத்தைத் தின்கிறது. ஓவியத்தைப் படிக்கும் செலவு இதில் சேரவில்லை. பன்னிரண்டு அடுக்கு போட்டால் சுவிட்ச்சின் மொத்தப் பாதையில் ஏறக்குறைய பாதி போய்விடும். மீதிப் பாதியில்தான் இசை, கதை, கணிப்பு எல்லாம் ஓட வேண்டும். சில்லுக்குள்ளேயே இருக்கும் சிறு இடைநினைவகம் இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைக்கும், கொஞ்சம்தான். அதே பன்னிரண்டு அடுக்கு பிளேஸ்டேஷன் 5-இல் மூன்று சதவீதத்தைக்கூடத் தொடாது. கையால் வரைந்த கேம் என்றாலே இலேசானது என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. முப்பரிமாணக் கேம்களில் சுவருக்குப் பின்னால் இருப்பதை வரையாமலே விட்டுவிடலாம். மென்மையான விளிம்புகளும் ஆவியும் புகையும் நிறைந்த ஓவியத்தில் அப்படி விட முடியாது, எல்லாவற்றையும் கலந்தாக வேண்டும்.

இதற்கான வைத்தியம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள். அசையவே அசையாத சுவர், அலமாரி, அடுப்பு மூன்றையும் முன்கூட்டியே ஒரே படமாகச் சேர்த்துவிடலாம். மூன்று அடுக்கு ஒன்றாகும். அந்த ஒன்று ஒளி புகாததாக இருந்தால், பழைய நிறத்தைப் படிக்கும் வேலையும் மிச்சம். ஒரு பானையின் படம் செவ்வகத்துக்குள் இருக்கும், நான்கு மூலையும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தையும் சில்லு கடமையாகக் கலந்துகொண்டிருக்கும். செவ்வகத்துக்குப் பதில் பானையின் உருவத்தை ஒட்டி வெட்டிய பலகோணத்தைக் கொடுத்தால் வீண் பிக்சல்கள் போய்விடும். ஆவியைப் பாதி நீளம் பாதி அகலத்தில் வரைந்து பெரிதாக்கினால் செலவு நாலில் ஒன்று. ஆவி எப்படியும் மங்கலாகத்தான் இருக்கும், யாரும் கவனிக்கப் போவதில்லை. வாரக்கணக்கில் உழைத்து, முன்பு இருந்தது போலவே தெரியும் ஒரு படத்தைக் கொண்டுவருவதுதான் இந்த வேலை. விமர்சகர்கள் யாரும் இதைப் பாராட்டி எழுதுவதில்லை.

ஓவியங்களின் எடை இன்னொரு கதை. 2048-க்கு 2048 பிக்சல் கொண்ட ஒரு படம் சுருக்காமல் 16 எம்பி. அறுபது படம் வைத்தால் 1 ஜிபியை நெருங்கிவிடும். படக்கோப்புகளில் நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜேபெக் சுருக்கம் இங்கே உதவாது. அதில் ஏதோ ஒரு மூலைப் பிக்சலை மட்டும் எடுக்க முடியாது, படத்தை விரித்தாக வேண்டும். அதனால் சில்லுகளுக்கென்று தனிச் சுருக்கமுறைகள் உண்டு. டெக்ரா எக்ஸ்1 புரிந்துகொள்ளும் ஏஎஸ்டிசி முறை படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டம் எவ்வளவு பெரிதானாலும் அதற்கு 16 பைட் மட்டும் ஒதுக்கும். 4-க்கு 4 கட்டமானால் நம் 16 எம்பி படம் 4 எம்பி ஆகும். 8-க்கு 8 என்றால் 1 எம்பி. முகங்களுக்குச் சிறிய கட்டம், சுவருக்குப் பெரிய கட்டம் என்று ஓவியரும் நிரலாளரும் பக்கத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். கணினியில் வேறு சுருக்கமுறை நடப்பில் இருப்பதால், கணினிக்குச் செய்த படங்களைத் திரும்பவும் இந்த வடிவத்துக்கு மாற்ற வேண்டும், மாற்றிய பின் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கவும் வேண்டும். ஒரே நிறத்தில் மெல்ல மாறும் அந்திவானம் போன்ற படங்களில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

சிறிய ஸ்டூடியோக்களில் பல யூனிட்டி எஞ்சினில், சி-ஷார்ப் மொழியில் எழுதுகின்றன. அந்த மொழியில் பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் திரும்ப எடுப்பதற்கென்று ஒரு துப்புரவு வேலை அவ்வப்போது நடக்கும். அது நடக்கும்போது பழைய முறையில் மற்ற எல்லாமே நிற்கும். வேகமான கணினியில் அது 2 மில்லிசெகண்டில் முடிந்தால், சுவிட்ச்சின் மெதுவான மையத்தில் பல மடங்கு நீளும், ஃபிரேம் தவறும். 2019 முதல் யூனிட்டியில் இதைப் பல ஃபிரேம்களுக்குப் பகிர்ந்து செய்யும் வசதி இருக்கிறது. ஆனாலும் அனுபவசாலிகள் அதை நம்பி உட்கார்வதில்லை, ஆட்டம் ஓடும்போது புது நினைவகமே கேட்காதபடி எழுதிவிடுகிறார்கள்.

கன்சோல் கொடுக்கும் ஒரு சலுகையையும் சொல்லியாக வேண்டும். கணினியில் எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு வரும் என்று தெரியாது. ஆகவே படம் வரையும் சிறு நிரல்களான ஷேடர்களை ஆடுபவரின் கணினியிலேயே கடைசி நேரத்தில் மொழிமாற்ற வேண்டியிருக்கிறது. பெரிய நிறுவனங்களின் கேம்கள்கூடப் புது இடத்துக்குள் நுழையும்போது திக்கித் திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கன்சோலில் ஒரே வகைச் சில்லு. ஸ்டூடியோவிலேயே எல்லாவற்றையும் மாற்றி வைத்து அனுப்பிவிடலாம். நான்கு பேர் கொண்ட ஸ்டூடியோவுக்கு, தன்னிடம் ஓடியது எல்லார் வீட்டிலும் அதே மாதிரி ஓடும் என்பது சின்ன நிம்மதி இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் இந்தப் பாதையை நன்றாகக் காட்டியவர்கள் மெட்ரோனோமிக். ஜப்பானில் ஃபைனல் ஃபேன்டஸி 15-இல் வேலை பார்த்த வான் ஹஸ்மரும், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் ஓவியராக இருந்த டைம் ஜியாவுதீனும் தாயகம் திரும்பித் தொடங்கிய ஸ்டூடியோ. அவர்களின் நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் 2020 ஆகஸ்ட் 25 அன்று பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், சுவிட்ச், கணினி ஆகியவற்றில் வந்தது. ஒரு நகரத்தை ஆளும் மின்னிசை நிறுவனத்தை ராக் இசைக்குழுவைச் சேர்ந்த இருவர் எதிர்க்கும் கதை. எதிரிகள் தாளத்துக்கு ஏற்பத் தாக்குவார்கள். தாளத்தைக் காதால் பிடித்தால்தான் தப்பிக்க முடியும்.

தாளத்தை நம்பும் கேமில் ஃபிரேம் தவறினால் வெறும் தடங்கலோடு முடியாது. நிமிடத்துக்கு 120 அடி விழும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் 500 மில்லிசெகண்டு, அதாவது 30 ஃபிரேம். ஃபிரேம்களை எண்ணித் தாளத்தைக் கணக்கிட்டால், ஒரு ஃபிரேம் நழுவும்போதெல்லாம் எதிரி பாட்டிலிருந்து கொஞ்சம் பின்தங்குவான். ஒரு நிமிடத்தில் தாளமே கலைந்துவிடும். ஒலி வேறு கடிகாரத்தில் ஓடுகிறது. நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள், அவை படத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே இத்தகைய கேம்களில் ஒலிக் கடிகாரத்தையே மூலமாக வைத்து, படம் அதைத் துரத்திப் பிடிக்கும்படி எழுதுவார்கள். அந்த மாதிரிகள் சிறு பொட்டலங்களாகப் போகும். 1,024 மாதிரி கொண்ட பொட்டலம் என்றால் 21 மில்லிசெகண்டு தாமதம். 256 என்றால் 5. பொட்டலம் சிறிதானால் தாமதம் குறையும், ஆனால் கணிப்பு மையத்தை அடிக்கடி எழுப்ப வேண்டும். மெதுவான மையத்தில் ஒலி வெடித்து வெடித்து வரும். இதற்கு மேல் தொலைக்காட்சி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றுகிறேன் என்று தாமதப்படுத்தும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒலி காதுக்கு வரவே 9 மில்லிசெகண்டு ஆகும். தாள கேம்கள் முதலில் ஒரு சோதனைத் தாளத்தைத் தட்டச் சொல்லி உங்கள் வீட்டுத் தாமதத்தை அளப்பது இதற்காகத்தான்.

எல்லாம் சரியாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வெளியிட முடியாது. நிறுவனத்தின் சோதனையில் தேற வேண்டும். நின்டெண்டோவில் லாட்செக், சோனியில் டிஆர்சி, மைக்ரோசாஃப்டில் எக்ஸ்ஆர் என்று பெயர் வேறு. தொழிலில் இருப்பவர்கள் பொதுவாக செர்ட் என்பார்கள். ஜொகூர் பாருவிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆள் அதேதான், பை அதேதான். ஆனால் காஸ்வேயின் இந்தப் பக்கம் ஒரு சோதனை, ஒரு கிலோமீட்டர் தாண்டி அந்தப் பக்கம் இன்னொரு சோதனை, இரண்டுக்கும் விதி வேறு, வரிசை வேறு. கேம் நன்றாக இருக்கிறதா என்று செர்ட்டில் யாரும் பார்ப்பதில்லை. சேமித்துக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலரின் பேட்டரி தீர்ந்தால் ஆட்டம் தானே நிற்கிறதா? பாதி ஏறும்போது கருவியைத் தூங்கவைத்துத் திரும்ப எழுப்பினால் கிராஷ் ஆகிறதா? சேமிக்க இடமில்லை என்றால் ஒழுங்காகச் சொல்கிறதா? திரையில் காட்டும் பொத்தானின் பெயர் கருவியில் உள்ளபடியே இருக்கிறதா?

கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். நின்டெண்டோவில் ஏ பொத்தான் வலப்பக்கம், எக்ஸ்பாக்ஸில் அதே ஏ கீழே. பிளேஸ்டேஷனில் எழுத்தே இல்லை, உருவங்கள். அதிலும் ஜப்பானில் பல ஆண்டுகளாக வட்டம்தான் சம்மதம், மற்ற நாடுகளில் பெருக்கல் குறி. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதுதான் சோனி எல்லா நாட்டுக்கும் பெருக்கல் குறி என்று முடிவு செய்தது. வசனங்களுக்குள் "ஏ-வை அழுத்தவும்" என்று நேரடியாக எழுதிவைத்த ஸ்டூடியோ, போர்ட் செய்யும்போது, அதாவது வேறு கருவிக்கு மாற்றும்போது, ஒவ்வொரு வசனத்தையும் ஒவ்வொரு மொழியிலும் தேடித் திருத்த வேண்டிவரும்.

சோதனையில் தவறினால் திருத்தி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மூன்று கன்சோலிலும் ஒரே நாளில் வெளியிடுவதாக அறிவித்துவிட்டால், மிகவும் பின்தங்கிய வரிசைதான் தேதியைத் தீர்மானிக்கும். ஒரு காலத்தில் நிலைமை இதைவிட மோசம். 2012-இல் ஃபெஸ் என்ற கேமை எடுத்த பாலிட்ரான், ஒரு பிழைத்திருத்தத்தை மறுபடி சோதனைக்கு அனுப்ப மைக்ரோசாஃப்ட் பல்லாயிரம் டாலர் கேட்கும் என்பதால், சிலரின் சேமிப்பைக் கெடுக்கும் என்று தெரிந்தும் திருத்தத்தை அப்படியே விட்டது. அடுத்த ஆண்டு அந்தக் கட்டணம் போனது. எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் சிறு ஸ்டூடியோக்கள் பதிப்பாளர் இல்லாமலே வெளியிடலாம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்ததும் 2013-இல்தான். வெண்பா போன்ற ஒன்று பத்து ஆண்டு முன்னால் வந்திருந்தால் எக்ஸ்பாக்ஸில் நாம் அதைப் பார்த்திருப்போமா என்பது சந்தேகமே.

தமிழில் கேம் எடுக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு மேடு இருக்கிறது. "கொ" என்று தட்டினால் கணினி சேமித்து வைப்பது ககரத்தையும் அதன்பின் ஒகரக் குறியையும். திரையில் வரவேண்டியதோ ககரத்துக்கு முன்னால் கொம்பு, பின்னால் கால். இந்த வரிசைமாற்றத்தைச் செய்ய எழுத்துருவின் விதிகளைப் படிக்கும் ஒரு தனி நிரல் தேவை. ஹார்ஃப்பஸ் அவற்றில் பெயர்பெற்றது. உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் இது ஓசையில்லாமல் நடப்பதால் நாம் யோசிப்பதே இல்லை. அன்ரியல் எஞ்சினிலும் உண்டு. யூனிட்டியில் பெரும்பாலோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் இந்த ஏற்பாடு இல்லை. எழுத்தைச் சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும், கொம்பு தப்பான பக்கம் நிற்கும். சீனத்துக்கு ஆயிரக்கணக்கான எழுத்துருவங்களை நினைவகத்தில் வைக்க வேண்டும். தமிழுக்கு அந்தச் சுமையும் கிடையாது. இடம் நிறைய இருக்கிறது, வரிசைதான் தெரியவில்லை.

இதைச் சமாளிக்க, காட்டும் முன்பே எழுத்துகளை வரிசைமாற்றி, உகர ஊகார வடிவங்களுக்குத் தனி எண்கள் கொடுத்த சொந்த எழுத்துருவை வைத்துக்கொள்கிறார்கள். 1990-களில் டாம், டாப், டிஸ்கி என்று ஒவ்வொருவரும் ஒரு குறியாக்கம் வைத்திருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது பழகிய வலி. அந்தக் காலத்தைக் கடக்க உதவியவர்களில் முன்வரிசையில் நிற்பவர் நம் மலேசியர், முரசு அஞ்சல் முத்து நெடுமாறன். ஆப்பிள் கருவிகளில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களின் பெயரில் எம்என் என்று வருவது அவரால்தான். கைப்பேசியில் என்றோ தீர்ந்த சிக்கலைக் கேம் ஸ்டூடியோக்கள் இன்னும் தனித்தனியாகத் தீர்த்துக்கொண்டிருப்பது வீண்வேலை. ஒருவர் செய்து பொதுவில் வைத்தால் எல்லாருக்கும் ஆகும்.

ஜொகூரில் அதைச் செய்யக்கூடியவர்கள் இல்லாமல் இல்லை. மலேசியக் கேம் தொழிலின் பெரும்பகுதி கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தாலும், ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கணினி வரைகலையைப் பாடமாகவே வைத்திருக்கிறது. ஊடக, விளையாட்டுப் புத்தாக்கத்துக்கென்று இஸ்கந்தார் வட்டார மேம்பாட்டு ஆணையத்தோடு சேர்ந்து மேஜிக்ஸ் என்ற மையத்தையும் அமைத்தது. இஸ்கந்தார் புத்ரியில் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது.

அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கன்சோல் நிறுவனங்கள் கேம் உருவாக்குவோருக்கான டெவ்கிட் என்ற கருவியை விண்ணப்பித்தவர் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். 2015-இல் என்விடியா விற்ற ஷீல்டு டிவி பெட்டிக்குள் இருப்பது டெக்ரா எக்ஸ்1 குடும்பத்துச் சில்லுதான், அது ஆண்ட்ராய்டு டிவியில் ஓடுகிறது. பழையது ஒன்று கிடைத்தால் வாங்குங்கள். உங்கள் கேமை ஆண்ட்ராய்டு பில்டாக அதில் ஏற்றி, தொலைக்காட்சியில் மாட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டு, 16.67 மில்லிசெகண்டைத் தாண்டிய ஃபிரேம்கள் எத்தனை என்று எண்ணுங்கள். எந்தக் காட்சியில் தாண்டியது, எந்த அடுக்கை எடுத்தால் இறங்கியது என்று குறித்து வையுங்கள். டெவ்கிட் கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் அந்தக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.